கற்பூரத்தை அணைக்காதவள்

என் தங்கை ஜெயசித்ரா ஜெயித்தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் குப்பத்தில் இன்று யார் மேல் புகார் வந்தாலும் கோயில் படியில் கற்பூரம் கொளுத்திச் சத்தியம் கேட்பதில்லை. புகாருக்கு ஆளானவர் ஆணோ பெண்ணோ, சபைக் கயிற்றுக்கு உள்ளே வந்து தன் வாயால் தன் பக்கத்தைச் சொல்லலாம். புகார் பொய் என்று தெரிந்தால், சொன்னவர் அதே இடத்துக்கு வந்து எல்லோர் காதிலும் விழும்படி அதைச் சொல்ல வேண்டும். ஒரு வீட்டைத் தள்ளி வைத்தாலும் அந்த வீட்டுக்குத் தண்ணீரையும் வைத்தியத்தையும் பிள்ளைகளின் படிப்பையும் நிறுத்தக் கூடாது. சபையில் இரண்டு பெண்களுக்கு நாற்காலி உண்டு. நாற்காலியை அவள் கேட்கவில்லை, அதுவாக வந்தது.

இதற்கெல்லாம் முன்னால் அவள் ஜெயித்தது ஒன்றே ஒன்று. மூன்றாம் வகுப்பு ஓட்டப்பந்தயத்தில் ஒரு சில்வர் டம்ளர். அதில்தான் இன்றைக்கும் டீ குடிக்கிறாள்.

புதுச்சேரி டவுனிலிருந்து பிள்ளைச்சாவடிக்குப் போகும் வழியில், கடல் பக்கம் இறங்கினால் எங்கள் குப்பம். நான் மூத்தவள், ரஞ்சிதம். எட்டாவது வரை படித்தேன். கல்யாணமாகி சேதராப்பட்டுக்குப் போய், அங்கே ஒரு அட்டைப்பெட்டி கம்பெனியில் பெட்டிகளைச் சரிபார்த்து அனுப்புகிறேன். ஓரம் ஒட்டாத பெட்டி என் கையைத் தாண்டிப் போகாது. தங்கையின் கதையை ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். அவள் சபையில் சண்டை போட்டாள் என்கிறார்கள், அம்மன் அவள் மேல் வந்து பேசினாள் என்றுகூடச் சொல்கிறார்கள். இரண்டும் இல்லை. சண்டை போட்டிருந்தால் அவளுக்கு இவ்வளவு வலித்திருக்காது.

ஜெயசித்ரா நாலாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டாள். அம்மா மீன்கூடையைத் தூக்கிக்கொண்டு டவுனுக்குப் போகும்போது தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது. தம்பி காய்ச்சலில் போய்விட்டான், ஆனால் அவள் திரும்பப் பள்ளிக்கூடம் போகவில்லை. எழுதத் தெரிந்த கொஞ்சமும் மறந்துபோயிற்று. எங்கே கையெழுத்து கேட்டாலும் கட்டைவிரலைத்தான் நீட்டுவாள். கல்யாணம் செல்வகுமாரோடு. நல்ல மனுஷன், அதிகம் பேச மாட்டான். மகள் இனியாவுக்கு ஆறு வயதாகும்போது கடலுக்குப் போனவன் திரும்பவில்லை. அன்றிலிருந்து ஜெயசித்ரா அம்மாவின் கூடையை எடுத்துக்கொண்டாள்.

எங்கள் ஊர் வழக்கம் ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். சபை கூடும்போது அம்மன் கோயிலுக்கு எதிரே மணலில் நாலு கழி நட்டுக் கயிறு கட்டுவார்கள். கயிற்றுக்கு உள்ளே ஆண்கள். பெண்கள் படகுகளுக்குப் பின்னால் நின்று கேட்கலாம், பேசக் கூடாது. ஒரு பெண்ணின் வழக்கை அவள் வீட்டு ஆண் பேச வேண்டும். புருஷன் இல்லாதவளுக்கு அப்பா, அப்பாவும் இல்லாதவளுக்கு அண்ணன் தம்பி. ஜெயசித்ராவுக்கு ஒருவரும் இல்லை. ஆண் இல்லாததால் அவள் வீடு ஊர்க் கணக்கில் பாதி வீடுதான்.

2022 ஆகஸ்ட் மாதம் எங்கள் குப்பத்து ஆனந்தராஜின் நண்டு வலை காணாமல் போனது. மீன் வலை என்று சிலர் சொல்வது தப்பு, அது நண்டு வலைதான், அந்த வருஷம் வாங்கிய புதுசு. அதை அவன் தினமும் ஒரே தென்னை மரத்தடியில் சுருட்டி வைப்பான். அவன் அப்பா அங்கேதான் வைப்பார், அதனால் இவனும் அங்கேதான் வைப்பான். அப்பா காலத்தில் அந்த மரத்துக்கும் தண்ணீருக்கும் நடுவில் பிள்ளைகள் கபடி ஆடுவார்கள். அதற்குப் பிறகு கடல் கரையைத் தின்றுகொண்டே வந்தது. மரம் இருந்த இடத்திலேயே இருக்கிறது, கடல்தான் கிட்டே வந்துவிட்டது. இது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அப்பா வலை வைத்த இடத்தை மாற்ற யாருக்கும் மனம் வராது.

விடிவதற்கு முன்னால் அந்த வழியாகப் போகிறவள் ஜெயசித்ரா ஒருத்திதான். ரோட்டுக்குப் போய் ஷேர் ஆட்டோ பிடித்துத் தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் இறங்கி ஏலத்தில் மீன் எடுப்பாள். அவள் மேல் சந்தேகம் வந்ததற்கு அதுதான் காரணம், வேறு ஒன்றும் இல்லை. ஆனந்தராஜ் கெட்டவனும் இல்லை. "ஒரு கற்பூரத்த அணைச்சிட்டுப் போவட்டும். எனக்கும் மனசு ஆறும்" என்றுதான் சபையில் சொன்னான்.

கற்பூரம் அணைப்பது எங்கள் குப்பத்துக் கோர்ட்டு. எல்லையம்மன் கோயில் படியில் கற்பூரம் கொளுத்துவார்கள். சந்தேகத்துக்கு ஆளானவர் போய், "நான் எடுக்கல" என்று சொல்லி உள்ளங்கையால் அடித்து அணைக்க வேண்டும். அணைத்துவிட்டால் வழக்கு முடிந்தது, பிறகு யாரும் ஒரு வார்த்தை பேசக் கூடாது. அணைக்காவிட்டால் எடுத்தது அவர்தான். பொய்ச் சத்தியம் செய்தால் அம்மன் பார்த்துக்கொள்வாள் என்பது ஏற்பாடு.

அன்று நான் லீவுக்கு ஊருக்கு வந்திருந்தேன். படகுக்குப் பின்னால் நின்றேன். தலைவர் தட்சிணாமூர்த்தி எங்களுக்குப் பெரியப்பா முறை. அவளைச் சிரித்த முகத்தோடுதான் கூப்பிட்டார்.

"வாம்மா. பெரிய விஷயம் ஒண்ணுமில்ல. ஒரு வார்த்தை சொல்லி அணைச்சிட்டு நீ பாட்டுக்கு வேலயப் பாரு. வெயில் ஏறுது."

ஜெயசித்ரா கோயில் வாசலில் இருக்கும் வேப்பமரம் வரை வந்தாள். அதைத் தாண்டவில்லை.

"ஏம்மா, காது கேக்கலியா?"

"கை சுட்டுடும்னு பயம்போல. மீன் பொரிக்கும்போது சுடாதா?" என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள்.

கற்பூரம் எரிந்து தானாக அணைந்தது. இன்னொன்று வைத்தார்கள். அதுவும் அணைந்தது. அடுத்ததைக் கொளுத்தும்போது சிரிப்புச் சத்தம் நின்றுவிட்டது. நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கால் விரல்களை மணலுக்குள் புதைத்துக்கொண்டிருந்தாள். சின்ன வயதில் அம்மாவிடம் அடி வாங்கப் போகும்போது அப்படித்தான் நிற்பாள்.

"சத்தியம் பண்ண மாட்டேங்கற. அப்ப எடுத்தேன்னுதானே அர்த்தம்?" பெரியப்பாவின் குரலில் கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம். "வாயத் தெறந்து ஏதாவது சொல்லும்மா."

அவள் சொல்லவில்லை. சபை தீர்ப்புச் சொன்னது. ஊர் முன்னால் விழுந்து கும்பிட வேண்டும், ஒரு வருஷம் அந்த வீட்டோடு யாரும் புழங்கக் கூடாது. அவள் வேப்பமரத்தடியிலேயே மண்ணில் விழுந்தாள். எழுந்தபோது நெற்றியில் மணல் ஒட்டியிருந்தது. ஒரு காகிதத்தில் கைநாட்டு வாங்கினார்கள். நீல மையோடு அவள் படகுகள் பக்கம் திரும்பி வந்தபோது அங்கே இனியா நின்றுகொண்டிருந்தாள். அம்மாவின் நெற்றியைப் பார்த்தாள், விரலைப் பார்த்தாள், எங்களுக்கு முன்னால் வீட்டுக்கு நடந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் நான் கத்தினேன். "ஏண்டி, நீதான் எடுத்தியா?"

"உனக்குமா சந்தேகம் வந்துடுச்சி?"

"அப்ப ஏன் அணைக்கல?"

அவள் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். "நான் தூரம்க்கா. நேத்துதான் ஆனேன். எப்படி படி ஏறுவேன்? எப்படி அம்மன் முன்னாடி கை வைப்பேன்?"

வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம் மாதவிலக்கான பெண் போகக் கூடாது. ஊரில் சின்னப் பெண்களுக்கும் தெரிந்த விஷயம். நாலு எட்டு வைத்துப் போய் அணைத்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அம்மனுக்குத் தெரியும் என்று நின்றிருக்கிறாள். அந்த ஊரிலேயே அம்மனுக்கு நிஜமாகப் பயந்தவளைத்தான் அம்மன் பெயரால் திருடி ஆக்கினார்கள்.

"இரு, நான் போய் பெரியப்பாகிட்ட சொல்றேன்."

என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேணாம்க்கா. அத்தினி ஆம்பளைங்க. ஆனந்தராஜ் அண்ணே இருக்கறாரு. அத அவங்க காதுல போட்டுட்டு நான் எப்படி இந்த ஊர்ல நடப்பேன்? அதுக்குத் திருடின்னே இருந்துட்டுப் போறேன்."

நான் போகவில்லை. அவள் சொன்னது எனக்கும் நியாயமாகப் பட்டது. அப்படித்தான் எங்களை வளர்த்திருக்கிறார்கள்.

அந்த ஒரு வருஷத்தைப் பற்றி நிறைய எழுதப்போவதில்லை. தெருக்குழாயில் அவள் குடத்தை வைத்தால் மற்றவர்கள் தங்கள் குடங்களை எடுத்துக்கொள்வார்கள். இனியாவுக்குக் காய்ச்சல் கண்ட நாளில் குப்பத்து ஆட்டோக்காரப் பையன் ஏற்ற மறுத்தான். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "எனக்கு ஆசையா அத்தை? ஊரு சொல்லுது" என்றானாம். ஜெயசித்ரா மகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு மெயின் ரோடு வரை நடந்தாள். பள்ளிக்கூடத்தில் இனியாவுக்கு 'வலை' என்று பெயர் வைத்தார்கள். "வலை வந்துடுச்சி, பென்சில் பாக்ஸப் பூட்டுங்கடி." வருஷம் முடிந்த பிறகும் அந்தப் பெயர் முடியவில்லை. சேதராப்பட்டில் என் மாமியார் வீட்டில்கூட யாராவது மீன் பேச்சை எடுத்தால் எனக்குத் தலை தாழ்ந்துவிடும்.

குப்பத்தில் புழங்க முடியாததால் ஜெயசித்ரா முத்தியால்பேட்டையில் புதுத் தெருக்களுக்குக் கூடையைத் தூக்கினாள். அங்கே ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தவள் சிந்துஜா, சட்டம் படிக்கிற பெண். வாசல் படியில் உட்கார்ந்து இவள் மீன் ஆய, அவள் பக்கத்தில் உட்கார்ந்து பரீட்சைக்குச் சத்தமாகப் படிப்பாள். பூனைக்கும் மீன் தலைக்கும் நடுவில் அந்தப் புத்தகம் கிடக்கும். ஒருநாள் அவள் படித்தது, உலகத்தில் முன்காலத்தில் குற்றத்தை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பது. நானும் அன்று கூட இருந்தேன், கம்பெனி லீவு.

"பாபிலோன்ல சூனியம் வச்சான்னு ஒருத்தன் மேல புகார் வந்தா, அவன் ஆத்துல குதிக்கணும்க்கா. முழுகிட்டா குற்றவாளி. பொழச்சி வந்துட்டா நிரபராதி."

சங்கரா மீனின் செதிலைச் சீவிக்கொண்டே ஜெயசித்ரா சொன்னாள். "அப்ப எங்க ஜனத்துல ஒருத்தரும் மாட்ட மாட்டாங்க."

"ஐரோப்பாவுல தலைகீழ். தண்ணில போட்டா முழுகினவன்தான் நல்லவன். மிதந்தா குற்றவாளி."

"அடப்பாவி! அங்க போனா எங்க குப்பம் மொத்தமும் ஜெயிலு."

சிந்துஜா சிரித்துப் புத்தகத்தைக் கீழே போட்டாள். பிறகு நம் நாட்டைப் பற்றிச் சொன்னாள். பழைய நூல்களில் ஆளைத் தராசில் உட்கார வைத்து இரண்டு தடவை நிறுப்பார்களாம். இரண்டாம் தடவை எடை குறைந்தால் குற்றம் இல்லையாம்.

"தராச எங்கிட்ட குடுக்கச் சொல்லு. யாரு வேணும்னாலும் தப்பிக்க வைக்கறேன்" என்றாள் ஜெயசித்ரா. அந்த வருஷத்தில் அவள் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

அந்தச் சிரிப்பு நீடிக்கவில்லை. சிந்துஜா புத்தகத்தை எடுத்துப் புரட்டி, "பிரெஞ்சுக்காரங்க சட்டத்துல இன்னொண்ணுக்கா. வழக்குல ஒருத்தர் இன்னொருத்தரப் பாத்து, 'நீ சத்தியம் பண்ணு பாப்போம்'னு கேக்கலாம். பண்ண மாட்டேன்னு சொன்னா கேஸு தோத்துடும்" என்றாள்.

அரிவாள்மனையில் ஜெயசித்ராவின் கை நின்றது. "மாட்டேன்னு ஏன் சொன்னான்னு கேக்க மாட்டாங்களா?"

"அது புத்தகத்துல இல்லக்கா."

"அந்த ஆத்துல குதிக்கறவன் கதையில, பொழச்சி வந்துட்டான்னா புகார் சொன்னவனுக்கு என்ன?"

"அவனுக்கு மரண தண்டனை. அவன் வீடும் பொழச்சவனுக்கு."

"ஐயோ, அவ்ளோ வேணாம்." கொஞ்ச நேரம் மீனைக் கழுவினாள். "எங்க ஊர்ல புகார் சொன்னவனுக்கு டீ வாங்கித் தருவாங்க."

சிந்துஜா அவளைக் கூர்ந்து பார்த்தாள். ஏதோ இருக்கிறது என்று அந்தப் பெண்ணுக்குத் தெரிந்துவிட்டது. அவள் துருவவில்லை. ஊரில் ஒருவரைத் தள்ளி வைப்பது சட்டப்படி தப்பு, அப்படி ஏதாவது இருந்தால் ஸ்டேஷனில் எழுதிக் கொடுக்கலாம் என்று மட்டும் சொன்னாள். ஜெயசித்ரா கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டாள். "ஸ்டேஷனுக்குப் போனா கேஸு ஜெயிக்கும்மா. ஊரு போயிடும்."

2024 பொங்கல் கழிந்து கடல் ஒரு வாரம் கொந்தளித்தது. பிள்ளைச்சாவடிப் பக்கம் கரைக்குப் போட்டிருக்கும் கருங்கற்கள் சில புரண்டன. கற்களுக்கு இடையில் ஒரு வலை சிக்கியிருந்தது. பாசி பிடித்து, கிளிஞ்சல் ஒட்டி. மிதவைகளில் ஆனந்தராஜ் வீட்டு அடையாளம், சிவப்புச் சாயமும் இரண்டு வெட்டும், அப்படியே இருந்தன. பிள்ளைச்சாவடிக்காரர்கள் கொண்டுவந்து கொடுத்தார்கள். அதை யாரும் திருடவே இல்லை. அந்த இரவு அலை தென்னை மரத்தடி வரை வந்து எடுத்துக்கொண்டு போயிருக்கிறது. வேறு விளக்கம் இல்லை.

ஆனந்தராஜ் வலையை வாங்கி உதறினான். நல்ல பகுதியை வெட்டி எடுத்துப் பழுது பார்த்தான். அதோடு சரி. சபை கூடவில்லை. தலைவர் ஒரு வார்த்தை பேசவில்லை. குழாயடியில் மட்டும் பேச்சு வந்தது. "வலை கெடச்சிடுச்சி, சரி. அப்ப ஏன் இவ சத்தியம் பண்ணல? வேற என்னமோ இருக்குது." திருடி என்ற பெயர் போய் அதைவிட மோசமான ஒன்று வரும்போல இருந்தது.

ஜெயசித்ரா அதையும் பொறுத்துக்கொண்டிருப்பாள். சித்திரைத் திருவிழா வந்தது. வயசுப் பெண்கள் பால்குடம் எடுப்பார்கள். இனியா மஞ்சள் பாவாடை கட்டிக் குடத்தோடு போய் வரிசையில் நின்றாள். பூசாரி மனைவி அவள் குடத்தை வாங்கி, அதட்டாமல், மெதுவாக ஓரமாக வைத்தாள். "நீ வேணாம்மா. அம்மன் காரியம்."

இனியா அழவில்லை. வீட்டுக்கு வந்து குடத்துப் பாலை அடுப்பில் வைத்துக் காய்ச்சி அம்மாவுக்கு டீ போட்டுக் கொடுத்தாளாம். ஜெயசித்ரா இதை என்னிடம் சொன்னபோது அந்த டீயைக் குடிக்க முடியவில்லை என்றாள். "நான் திருடின்னு இருந்துட்டுப் போறேன்னு சொன்னேன் இல்லக்கா. நான் மட்டும்தான் இருப்பேன்னு நெனச்சிட்டேன்."

என் வீட்டுக்காரர் சபையில் பேச வருகிறேன் என்றார். அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். அவள் யோசித்துவிட்டு, "மாமா வந்தா 'ஒடம்பு சரியில்லாம இருந்துச்சி'ன்னு சொல்வாரு. ஒடம்பு சரியில்லாம இல்ல நான்" என்றாள்.

மீன்பிடித் தடைக்காலம், எல்லா ஆண்களும் கரையில் இருந்தார்கள். மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சபை கூடியது. ஏதோ படகு நிறுத்தும் இடத்தகராறு. அது முடியும் நேரத்தில் ஜெயசித்ரா படகுகளின் பின்னாலிருந்து நடந்து போய்க் கயிற்றின் பக்கத்தில் நின்றாள். உள்ளே போகவில்லை. கயிற்றைக் கையால் பிடித்துக்கொண்டாள்.

"என்னம்மா?" என்றார் பெரியப்பா.

"எனக்கு ஒண்ணு சொல்லணும்."

"உனக்காக யாரு பேசறாங்க?"

"நானேதான்."

கூட்டத்தில் முணுமுணுப்பு. "பொம்பள பேசற சபையா இது?" "போய் மீன் விக்கச் சொல்லு." பெரியப்பா கையைத் தூக்கினார். அவருக்கும் வலை மனதில் உறுத்திக்கொண்டிருந்தது என்று நினைக்கிறேன்.

"ஆனந்தராஜ் அண்ணே வலை கெடச்சிடுச்சி. நான் எடுக்கலன்னு ஊருக்கே தெரியும். எம்மேல போட்டத எடுக்கணும்."

"வலை கெடச்சது சரி. நீ சத்தியம் பண்ணல, அதுக்குத்தானே தீர்ப்பு? ஏன் பண்ணலன்னு நீ இன்னும் சொல்லல."

ஜெயசித்ரா கயிற்றை விட்டாள். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். அவள் கழுத்து சிவந்திருந்தது படகுக்குப் பின்னாலிருந்தே எனக்குத் தெரிந்தது. எனக்கும் உடம்பெல்லாம் எரிந்தது. வேண்டாம், திரும்பி வந்துவிடு என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

"அன்னைக்கு நான் தூரம் பெரியப்பா."

யாருக்கும் உடனே புரியவில்லை. புரிந்ததும் ஒவ்வொரு தலையாகக் கீழே போனது. நூறு ஆண்கள் மணலைப் பார்த்தார்கள். ஒருவன் செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்து, எங்கே போவதென்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தான். பெரியப்பா துண்டால் முகத்தைத் துடைத்தார். வேர்க்கவில்லை, சும்மா துடைத்தார்.

"இத... இத அன்னைக்கே சொல்லியிருக்கலாமேம்மா."

"யார்கிட்ட பெரியப்பா? என் வீட்ல ஆம்பள இல்ல. இருந்தாலும் அவருகிட்ட சொல்லி, அவரு வந்து உங்ககிட்ட சொல்லணும். இப்ப சொல்லிட்டேன், நீங்க என்னைப் பாக்கக்கூட மாட்டேங்கறீங்க."

எங்களுக்குப் பின்னாலிருந்து பார்வதி அக்கா கத்தினாள். ஜெயசித்ராவோடு தேங்காய்த்திட்டில் மீன் எடுக்கிறவள், ஏலத்தில் அவள் குரலை யாராலும் அமுக்க முடியாது. "கற்பூரம் கொளுத்தறதுக்கு முன்னாடி பொம்பளகிட்ட ஒரு வார்த்தை கேக்கத் தெரியல, தீர்ப்பு சொல்ல வந்துட்டாங்க! இந்த ஊர்ல இன்னும் எத்தினி பேரு தூரத்தோடயே போயி அணைச்சிட்டு வந்தாங்கன்னு நான் சொல்லட்டுமா?"

"நீ சும்மா இரு பார்வதி!"

"நானே ஒருவாட்டி அணைச்சேன். எனக்கு ஒண்ணும் ஆவல. இவ பயந்தா, இவளுக்கு எல்லாம் ஆச்சு."

பெரியப்பா கூட்டத்தைக் கலைத்தார். முடிவு எதுவும் சொல்லவில்லை.

அன்றே எல்லாம் மாறியதாகச் சொல்கிறார்கள். மாறவில்லை. ஜெயசித்ரா வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்த வாரம் முழுக்க மீனுக்குப் போகவில்லை. இனியா அவளோடு பேசவில்லை. "ஏம்மா அத எல்லார் முன்னாடியும் சொன்ன? லீவு முடிஞ்சி நான் எப்படி ஸ்கூலுக்குப் போறது?" என்று ஒரே ஒரு தடவை கேட்டதோடு சரி. 'வலை' என்று கூப்பிட்ட பிள்ளைகள் இப்போது வேறு ஒன்றைச் சொல்லிச் சிரித்தார்கள். அதை நான் எழுத மாட்டேன். சேதராப்பட்டு பஸ்ஸில் முன்பின் தெரியாத ஒருத்தி என்னிடம் குனிந்து, "நீங்க சபையில அதச் சொன்னவங்களோட அக்காவா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவளை நினைத்து எனக்குப் பெருமைதான். ஆனால் பெருமையாக இருக்கும்போதே முகம் சுடும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

சபை மறுபடியும் கூடியது, ஒரு தடவை அல்ல, சில தடவை. வீட்டுக்கு வீடு பெண்கள் புருஷன்மாரிடம் என்ன சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது. ஏதோ சொல்லியிருக்கிறார்கள். ஒரு கூட்டத்தில் கற்பூரம் இனி வேண்டாம் என்றார்கள். பெரியவர் ஒருவர் மட்டும், "அப்ப அம்மனுக்கு என்ன வேலை?" என்று கேட்டாராம். "அம்மன் வேலைய அம்மன் பாத்துப்பா. நம்ம வேலைய அவ தலையில போட்டோம்" என்றார் பெரியப்பா. இன்னொரு கூட்டத்தில் ஆட்டோக்காரப் பையன் எழுந்து, காய்ச்சல் பிள்ளையை ஏற்றாததைச் சொல்லி அழுதுவிட்டான். தண்ணீர், வைத்தியம், படிப்பு என்று விதி வந்தது அதனால்தான். இரண்டு பெண்கள் சபையில் உட்கார வேண்டும் என்று முடிவானபோது பார்வதி அக்காவைக் கூப்பிட்டார்கள், அடுத்து ஜெயசித்ராவை. அவள் வரவில்லை என்றாள். பெரியப்பா வீட்டு வாசலுக்கே வந்து நின்றார். "நீ இல்லன்னா அடுத்தவ எங்கிட்ட எப்படிச் சொல்வா?" என்றார். தலை குனிந்தே கேட்டார்.

சிந்துஜாவிடம் இதைச் சொன்னபோது, உலகத்தில் வேறு இடங்களில் நூற்றுக்கணக்கான வருஷம் ஆனது உங்கள் குப்பத்தில் ஒரு தடைக்காலத்துக்குள் முடிந்துவிட்டது என்றாள். முடிந்தது என்று நான் சொல்ல மாட்டேன். வேப்பமரத்தைத் தாண்டும்போது ஜெயசித்ரா இன்றும் தலையைக் குனிந்துகொள்கிறாள். அந்த மரத்துக்கு அந்தப் பக்கம் யார் எப்போது போகலாம் என்ற விதி அப்படியே இருக்கிறது. அதைப் பற்றி யாரும் இன்னும் பேசவில்லை.

விதிகளை எழுதிச் சபையார் கையெழுத்திட ஒரு நாள் குறித்தார்கள். அதற்கு இரண்டு நாள் முன்பு இனியா அம்மாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நாட்காட்டித் தாளைத் திருப்பிப் போட்டு, 'ஜெயசித்ரா' என்று பெரிதாக எழுதினாள்.

"மறுபடியும் அந்த மையில கை வைக்காத. எனக்குப் பிடிக்கல" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அம்மாவின் கையைப் பிடித்து அந்த எழுத்துகளின் மேல் நடத்தினாள். மீன் ஆய்ந்து தடித்த விரல், பேனா நிற்கவில்லை. இருட்டும் வரை இரண்டு பேரும் எழுதிக்கொண்டிருந்தார்களாம்.

குறித்த நாளில் சபையில் முதலில் ஆனந்தராஜ் எழுந்தான். புது விதிப்படி அவன்தான் முதல் ஆள். "என் வலைய கடல் எடுத்துக்கிச்சி. எங்கப்பா வச்ச எடத்துலயே வச்சது என் தப்பு. ஜெயசித்ரா எடுக்கல" என்றான். "தங்கச்சி, என்னை..." என்று ஆரம்பித்தான். அவள் போதும் என்பதுபோல் கையைக் காட்டினாள். அவன் தலை குனிந்து நிற்பதையும் அவளால் பார்க்க முடியவில்லை.

பிறகு காகிதம் சுற்றி வந்தது. அவள் முறை வந்தபோது எழுதுகிறவர் பழக்கத்தில் மை டப்பாவை அவள் பக்கம் தள்ளினார். ஜெயசித்ரா அதை மூடித் திருப்பித் தள்ளிவிட்டுப் பேனாவைக் கேட்டாள். படகுகளுக்குப் பின்னால் இனியா என் கையைப் பிடித்துக்கொண்டாள். 'ஜெ' கொஞ்சம் சாய்ந்துவிட்டது. மற்ற எழுத்துகள் கோட்டின் மேல் நின்றன. கீழே தேதியையும் அவளே போட்டாள், 9.6.2024.